பட்டாணிச் செடியின் ஆராய்ச்சியும் ஜவ்வாது மலைச் சாமை விதையும்

களத்தில் தூற்றிக் குவித்த தானியத்தில் திரண்ட மணிகளாகப் பார்த்துப் புடைத்தெடுத்து, அதையே மறு வருஷத்து விதைக்கென்று கட்டி வைப்பது குடியானவர்களிடம் நெடுநாளாக உள்ள வழக்கமாகும். இவ்வழக்கத்தில் பாதி நன்மை உண்டு. திரண்ட மணி நன்றாக முளைக்கும். இளம் பயிருக்கு வேண்டிய ஊட்டமும் அதில் மிகுதியாக இருக்கும். ஆனால் அந்த மணி எத்தகைய செடியின் பிள்ளை, அதன் வயிற்றில் எத்தகைய குணங்கள் மறைந்து கிடக்கின்றன என்பதை மணியின் தோற்றம் சொல்லாது. விதையைப் பார்த்துப் பொறுக்குவது ஒன்று. வயலில் நிற்கும் செடியைப் பார்த்துப் பொறுக்குவது மற்றொன்று. அச்செடியின் சந்ததியைப் பார்த்த பின்னர்ப் பொறுக்குவது இவ்விரண்டினும் வேறானது. இம்மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐயமறக் காட்டிக் கொடுத்தது பட்டாணிச் செடி. அவ்வாராய்ச்சி நடந்து 160 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. ஜவ்வாது மலையில் சாமை பயிரிடுவோருக்கு அது எவ்விதத்தில் பயன்படும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய ஜில்லாக்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்திலும், அதை அடுத்த மலைக் கிராமங்களிலும், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் மழையை நம்பி மேட்டு நிலங்களில் சாகுபடி செய்து வருகின்றனர். அவர்களுடைய புன்செய்ப் பயிர்களில் சாமையே முதன்மையானது. பட்டாணியோ குளிர்ந்த சீதோஷ்ணத்தை வேண்டும் பயிர். நம் மாநிலத்தில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளுக்கே அது ஏற்றது. சாமை புல்லினத்தைச் சேர்ந்தது. பட்டாணி பயறினத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் உறவு யாதொன்றுமில்லை. எனினும் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்திருக்கின்றன. இரண்டும் தம் பூவிலுள்ள மகரந்தத்தைக் கொண்டே பெரும்பாலும் சூல் கொள்ளுபவை. பட்டாணியில் கண்ட விதிகள் மலைச் சாமைக்கும் அப்படியே பொருந்துவது இந்த ஒற்றுமையினாலேயாம்.

பட்டாணிப் பூவைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். அதன் ஐந்து இதழ்களில் கீழே உள்ள இரண்டும் ஓரம் ஒட்டிப் படகு போல் அமைந்திருக்கின்றன. பத்துக் கேசரங்களும் சூலகமும் அப்படகினுள்ளே மூடப்பட்டுக் கிடக்கின்றன. பூ மலருவதற்கு முன்பே, மொக்காக இருக்கும் நிலையிலேயே, மகரந்தப் பைகள் வெடித்துப் பொடி சூல்முடியின்மீது படிந்துவிடுகிறது. பிறகு பூ விரிந்து தேனீ வந்து அமரும்பொழுது காரியம் முடிந்து போயிருக்கும். ஆகவே ஒரு செடியே தன் மணிகளுக்குத் தாயும் தகப்பனுமாகிறது. இரண்டு ஜாதிகளைக் கலக்க விரும்புவோர் மொக்கைப் பக்குவத்தில் திறந்து, கேசரங்களை இடுக்கியால் கிள்ளி எறிந்துவிட்டு, மற்றொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும்.

இவ்வேலையைப் பொறுமையுடன் எட்டு வருஷ காலம் செய்தவர் கிரிகோர் மெண்டல் என்னும் பாதிரியார். அவர் 1822-ல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். இப்பொழுது செக் நாட்டைச் சேர்ந்த புருனோ நகரத்து மடத்தில் 1843-ல் சேர்ந்து, அம்மடத்துத் தோட்டத்திலேயே பரிசோதனைகளை நடத்தினார். விதை வியாபாரிகளிடமிருந்து 34 வகைப் பட்டாணிகளை வாங்கி, உடனே கலப்பு வேலையில் இறங்கிவிடாமல், இரண்டு வருஷம் அவற்றைச் சும்மா பயிரிட்டு, ஒவ்வொன்றும் தன் குணம் மாறாமல் வருகிறதா என்று பார்த்தார். அவற்றில் 22 வகைகளையே பரிசோதனைக்கு வைத்துக் கொண்டார். மெண்டலைப் பற்றிப் பேசுவோர் பலரும் இந்த இரண்டு வருஷத்தை விட்டுவிடுகின்றனர். ஆனால் பின்னால் அவர் கண்டதெல்லாம் இதன்மேல் நின்றதேயாகும். விதையின் தூய்மை தெரியாதபொழுது எவ்வளவு நுட்பமான பரிசோதனையும் வீண்.

1856 முதல் 1863 வரை அவர் வளர்த்துப் பார்த்த செடிகள் ஏறக்குறைய 28,000 ஆகும். மணி உருண்டையா சுருங்கியதா, மணியின் உட்புறம் மஞ்சளா பச்சையா, பூ ஊதாவா வெள்ளையா, காய் உப்பியதா இடையிடையே ஒடுங்கியதா, காயின் நிறம் பச்சையா மஞ்சளா, பூக்கள் கணுக்கள்தோறுமா நுனியில் மட்டுமா, செடி நெட்டையா குட்டையா என்று ஏழு குணங்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். உருண்டை மணிச் செடியையும் சுருங்கிய மணிச் செடியையும் கலந்தபொழுது கிடைத்த மணிகள் எல்லாம் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அடியோடு அழிந்தது போலக் காணப்பட்டது. ஆனால் அம்மணிகளை விதைத்து, அச்செடிகளைத் தம் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டபொழுது, 7,324 மணிகளில் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் வந்தன. மஞ்சள், பச்சைப் பரீட்சையில் 6,022 மஞ்சளும் 2,001 பச்சையும் கிடைத்தன. நெட்டை, குட்டைப் பரீட்சையில் 787 நெட்டைகளும் 277 குட்டைகளும் இருந்தன. எல்லாவற்றிலும் சுமார் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கே வந்தது. வெளியே தெரியும் குணத்தை ஓங்கு குணம் என்றும், ஒளிந்திருந்து பேரப்பிள்ளையிடம் தலைகாட்டும் குணத்தை அடங்கு குணம் என்றும் சொல்லலாம்.

குடியானவனுக்கு மிக முக்கியமானது இதற்கடுத்த படி. அந்த உருண்டை மணிகளில் 565-ஐ எடுத்து மெண்டல் தனித்தனியே விதைத்தார். பார்வைக்கு அவை ஒரே மாதிரியானவை. அவற்றுள் 193 மணிகளிலிருந்து வந்த செடிகள் உருண்டை மணிகளையே தந்தன. மற்ற 372 செடிகளோ ஒரே காய்க்குள் உருண்டையையும் சுருங்கியதையும் கலந்தே தந்தன. அதாவது, ஒரே தோற்றமுடைய மூன்று மணிகளில் ஒன்றே தூயது, இரண்டு கலப்புடையவை. எது தூயது, எது கலப்பு என்பதை அறிய விதைத்துப் பார்ப்பதைத் தவிர அவர் காலத்தில் வேறு வழியில்லை. வயலில் நிற்பவர்க்கு இன்றைக்கும் அதுவே வழி.

இதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலப்புண்டான விதையிலிருந்து ஒருவன் உருண்டை மணிகளை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கி விதைக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். மூன்றில் இரண்டு பங்கு செடிகள் கலப்பு. அவை ஒவ்வொன்றும் நாலில் ஒரு பங்கு சுருங்கிய மணியைத் தரும். ஆகவே அடுத்த அறுவடையில் ஆறில் ஒரு பங்கு சுருங்கியே வரும். ‘நல்ல விதையாகப் பார்த்துத்தானே போட்டேன்’ என்று அவன் நிலத்தையோ மழையையோ நொந்து கொள்ளுவான். மாறாகச் சுருங்கிய மணிகளையே பொறுக்கி விதைத்தவன் முதல் வருஷத்திலேயே தூய ஜாதியைப் பெற்றுவிடுவான். அடங்கு குணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அதற்குள் வேறொன்றும் ஒளிந்திருக்க இடமில்லை. ஓங்கு குணத்துக்கே சந்ததிப் பரீட்சை வேண்டும்.

மற்றொரு கணக்கும் மெண்டல் போட்டிருக்கிறார். யாரும் பொறுக்காமல் செடிகளைத் தம் போக்கில் விட்டால், தன் மகரந்தத்தால் காய்க்கும் பயிரில் கலப்புடையவற்றின் பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். முதற்கலப்புச் செடியிலிருந்து ஆறு தலைமுறை கழிந்தால், ஒரு குணத்தைப் பொறுத்தவரையில் 64-ல் ஒன்றே கலப்பாக எஞ்சும்.

மெண்டல் தம் முடிவுகளை 1865-ல் புருனோ நகரத்துச் சபையில் வாசித்து, 1866-ல் அச்சிட்டார். அதன் பொருளை உணர்ந்தவர் அப்பொழுது எவருமில்லை. அவர் 1884-ல் காலமானார். 1900-ல் டி விரீஸ், காரன்ஸ், செர்மாக் ஆகிய மூவர் தனித்தனியே அவ்விதிகளைக் கண்ட பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தந்த எண்கள் எதிர்பார்ப்புக்கு மிகையாகப் பொருந்துகின்றன என்று 1936-ல் பிஷர் என்னும் கணித நிபுணர் ஐயுற்றதுண்டு. ஆயினும் பல தேசங்களிலும் திரும்பச் செய்து பார்த்தவர்கள் அதே விகிதத்தைத்தான் கண்டனர்.

நம் நாட்டில் இவ்விதிகளை நெற்பயிருக்குப் பிரயோகித்துப் பார்த்த இடம் கோயமுத்தூர். 1912-ல் அங்கு நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்னெல், ஜி. என். ரங்கசாமி அய்யங்கார், கே. ராமையா ஆகியோர் நெல்லின் குணங்கள் சந்ததிக்கு இறங்கும் முறையைப் பற்றி 1917-ல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவிலிருந்து தனிச்செடியாகப் பொறுக்கி, சந்ததி பார்த்துத் தேர்ந்து, 1921-ல் வெளிவந்த ஜி.ஈ.பி. 24 என்னும் நெல்லை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிற்காலத்து நெல் ரகங்கள் பலவற்றுக்கு அது மூதாதையாக விளங்கியது. ரங்கசாமி அய்யங்கார் பின்னர்ச் சிறுதானிய நிபுணராக இருந்து சோளம், தினை, கேழ்வரகு முதலியவற்றின் குணங்களை ஆராய்ந்தார். பட்டாணிக்கு இனமான மொச்சையையும் அவரையையும் பற்றி அவரும் அவருடன் உழைத்தவர்களும் 1935-ல் எழுதிய கட்டுரைகளும் உண்டு.

சந்ததிக்கு இறங்கும் அந்தப் பொருள் யாது என்பது மெண்டலுக்குத் தெரியாது. இப்பொழுது தெரியும். பட்டாணி மணி சுருங்குவதற்குக் காரணம், மாச்சத்தைக் கிளைக்கச் செய்யும் ஒரு நொதியின் ஜீனுக்குள் வேறொரு துண்டு புகுந்து அதைக் கெடுத்திருப்பதேயென்று இங்கிலாந்தில் 1990-ல் கண்டறிந்தனர். மாச்சத்து குறைந்து சர்க்கரை மிகுவதால் அம்மணி பிஞ்சில் அதிக நீரை இழுத்துப் பருத்து, காயும்பொழுது வற்றிச் சுருங்குகிறது. சுருங்கிய பட்டாணி இனிப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம். செடி குட்டையாவது வளர்ச்சிச் சத்தொன்றை உண்டாக்கும் ஜீனில் நேர்ந்த சிறு மாறுதலால் என்பது 1997-ல் தெரிந்தது. அதே வளர்ச்சிச் சத்தின் வழியில் வேறொரு படியில் நேர்ந்த பழுதே, 1966-ல் வெளிவந்த ஐ.ஆர். 8 முதலான குட்டை நெல்லுக்கும் காரணமென்று 2002-ல் கண்டனர். ஏழு குணங்களில் மீதியிருந்த மூன்றின் ஜீன்களும் 2025-ல் வெளியான ஆராய்ச்சியில் பிடிபட்டுவிட்டன. இங்கிலாந்திலும் சீனாவிலும் உள்ள நிபுணர்கள் ஏறக்குறைய 700 பட்டாணி வகைகளைச் சோதித்து இதனைச் செய்தனர். ஒரு தோட்டத்தில் தொடங்கிய விஷயம் முற்றுப்பெற இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இனிச் சாமைக்கு வருவோம். தலைமுறை தலைமுறையாக மலையில் விதைத்து வரும் சாமை தன் மகரந்தத்தால் காய்ப்பது. எப்பொழுதோ நேர்ந்த கலப்புகள் மேற்சொன்ன கணக்குப்படி பெரும்பாலும் தூயனவாகப் பிரிந்து போயிருக்கும். ஆகவே ஒரு வயல் சாமை என்பது ஒரு ஜாதியன்று. அருகருகே நிற்கும் பல தூய குடும்பங்களின் கலவை. சற்று முந்தி முதிருவதும், பிந்தி முதிருவதும், தூர் அதிகம் வெடிப்பதும், காற்றில் சாய்வதும், மணி உதிர்வதும் அதில் சேர்ந்தே கிடக்கும். இக்கலவையிலிருந்து நல்ல குடும்பத்தைப் பிரித்தெடுத்தால் மகசூல் உயரும். ஆனால் பிரித்தெடுத்த ஒரே குடும்பத்துக்குள் மறுபடியும் மறுபடியும் பெரிய மணியாகப் பொறுக்குவதில் பயனில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஜோஹன்சென் என்பவர் அவரை இனத்துப் பயிரொன்றில் இதனை 1903-ல் நிரூபித்தார். தூய வம்சத்தில் பெரிய விதையைப் போட்டாலும் சிறிய விதையைப் போட்டாலும் பிள்ளைகளின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. அவ்விதைகளின் பெருமையும் சிறுமையும் நிலத்தாலும் நீராலும் வந்தவையே தவிர, ஜாதியால் வந்தவையல்ல.

பொறுக்கும் முறை எளிது, வேண்டுவது பொறுமையே. அறுவடைக்குச் சில நாள் முன்பு வயலில் இறங்கிப் பார்த்தல் வேண்டும். களத்துக்கு வந்துவிட்ட பிறகு செடியின் அடையாளம் போய்விடும். வரப்போரத்துச் செடிகளையும், பக்கத்துச் செடி செத்துப்போனதால் இடம் பெற்றுக் கொழுத்தவற்றையும், ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் நிற்பவற்றையும் தள்ளிவிட வேண்டும். அவற்றின் செழிப்பு இடத்தினுடையது. நடு வயலில், நெருக்கத்தில், மற்றவற்றோடு போட்டியிட்டு நன்றாக வந்த செடிகளில் ஐம்பது முதல் நூறு வரை தெரிந்தெடுத்து, ஒவ்வொரு செடியின் கதிர்களையும் தனித்தனிப் பையில் இட்டு எண் குறித்து வைக்க வேண்டும். சாமையின் ஆயிரம் மணிகள் சேர்ந்தும் இரண்டு மூன்று கிராம் எடைதான் என்பதால், ஒரு செடியின் மணியே ஒரு வரிசைக்குத் தாராளமாகப் போதும்.

மறு வருஷம் ஒவ்வொரு பைக்கும் ஒரு வரிசையாக விதைத்து, பத்து வரிசைக்கு ஒரு வரிசை பழைய விதையையே ஒப்பிடுவதற்காகப் போட வேண்டும். நிலம் எவ்விடத்திலும் ஒரே சீராக இல்லாத மலைச் சரிவில் இந்த ஒப்பு வரிசை இன்றியமையாதது. முந்திய வருஷம் சாமை விளைந்த துண்டை இதற்கு எடுக்கலாகாது. அங்கு உதிர்ந்து கிடக்கும் மணிகள் முளைத்து வரிசைகளைக் கெடுத்துவிடும். ஒரு வரிசைக்குள்ளேயே உயரத்திலும் முதிர்ச்சியிலும் செடிகள் வேறுபட்டால், அதன் தாய்ச்செடி மெண்டலின் 372-ஐச் சேர்ந்தது என்று கொண்டு விலக்கிவிட வேண்டியதுதான். ஒரே சீராக நின்று, ஒப்பு வரிசையை விட அதிகம் கண்ட நாலைந்து வரிசைகளை மூன்றாம் வருஷம் பெரிய பாத்திகளில் விதைத்துப் பார்க்கலாம். ஒரு வருஷத்து மழையை நம்பி முடிவு செய்வது தகாது. குறைந்தது இரண்டு பருவங்களாவது நிறுத்துப் பார்த்தல் அவசியம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரே குடும்பத்தை மலை முழுவதும் பரப்புவது விவேகமாகாது. மழை முந்தியும் பிந்தியும் வரும் நாட்டில், கலவையாக நிற்கும் சாமையில் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கை கொடுக்கும். தேர்ந்த விதையைப் பாதி நிலத்துக்கும் பழைய கலவையை மீதிக்கும் வைத்துக் கொள்வோர் நஷ்டமடைய மாட்டார்கள். பழைய விதை அழிந்துவிட்டால், நாளைக்குப் பொறுக்குவதற்கே ஒன்றுமில்லாமல் போகும்.

இருக்கிற குடும்பங்களைப் பிரிப்பதற்கு மேல், இரண்டின் நற்குணங்களை ஒன்றில் சேர்ப்பதற்குக் கலப்பு வேண்டும். சாமைப் பூ மிகச் சிறியது. சிறிது நேரமே திறந்திருக்கும். பட்டாணி மொக்கைப் போல அதைத் திறந்து கேசரத்தைக் கிள்ளுவது குடியானவன் கைக்கு அகப்படாத வேலை. ஆகையால் இது ஆராய்ச்சி நிலையத்துக்கு உரியது. கேழ்வரகில் இதற்குக் கையாளும் உபாயம் சுவாரசியமானது. பச்சை நிறச் செடியின் கதிரையும் ஊதா நிறச் செடியின் கதிரையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பச்சைச் செடியின் மணிகளை விதைத்தால், தன் மகரந்தத்தால் வந்த பிள்ளைகள் பச்சையாகவும், கலப்பால் வந்தவை ஊதாவாகவும் முளைக்கின்றன. ஊதா ஓங்கு குணமாதலால் நாற்றிலேயே கலப்பு தெரிந்துவிடுகிறது. மெண்டலின் பட்டாணிப் பூ கோயமுத்தூர்க் கேழ்வரகுக்கு இவ்வாறு உதவியிருக்கிறது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்துள்ள அத்தியந்தல் 1 என்னும் சாமை ரகம் மலைக்குக் கிட்டத்தில் கிடைக்கக்கூடியது. இத்தகைய ரகத்தை ஒரு முறை வாங்கினால் வருஷந்தோறும் வாங்க வேண்டுவதில்லை. வேற்று மணி சேராமல் களத்தையும் குதிரையும் துப்புரவாக வைத்துக் கொண்டால், பல வருஷம் சொந்த விதையே போதுமானது.

எல்லாப் பயிர்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். கம்பும் மக்காச்சோளமும் காற்றில் வரும் அயல் மகரந்தத்தால் சூல் கொள்ளுபவை. துவரையிலும் தேனீக்களால் கலப்பு ஓரளவு நேருகிறது. அவற்றில் தனிச்செடி பொறுக்கினாலும் தகப்பன் யாரென்று தெரியாது. கடையில் விற்கும் வீரிய ஒட்டுக் கம்பு, மக்காச்சோள விதைகள் மெண்டலின் முதற்கலப்பு மணிகளைப் போன்றவை. அவ்வருஷம் ஒரே சீராக விளையும். அதில் எடுத்த மணியை மறு வருஷம் விதைத்தால் பாட்டன் பாட்டி குணங்களெல்லாம் பிரிந்து வெளிப்பட்டு, மகசூல் இறங்கிவிடும். விதைக்காரர் வஞ்சித்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். வஞ்சனை அன்று, மூன்றுக்கு ஒன்று என்னும் அந்தக் கணக்கே.

கிராம அதிகாரிகள் அறிய வேண்டிய சட்டம் ஒன்றுண்டு. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ம் பிரிவு, குடியானவன் தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக் கொள்ளவும், விற்கவும் உரிமை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. அன்றியும், மலை மக்கள் வழிவழியாகக் காத்து வந்த சாமை ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்து கொள்ளவும் அச்சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தில் பஞ்சாயத்துப் பல்லுயிர்க் குழுவின் தலைவர் அல்லது செயலாளர், ஜில்லா விவசாய அதிகாரி, பழங்குடியினர் நல அதிகாரி போன்றோரில் ஒருவர் சான்றளித்தல் வேண்டும். பதிவாகும் ரகம் மற்றவற்றிலிருந்து வேறாகத் தெரிவதாயும், தனக்குள் ஒரே சீராயும், தலைமுறை மாறினும் குணம் மாறாததாயும் இருக்க வேண்டுமென்று கேட்கிறார்கள். களத்து மேட்டில் பொறுக்கிய விதை இக்கேள்விகளுக்கு விடை சொல்லாது. வரிசை வரிசையாக விதைத்து எண்ணிட்டு நிறுத்து எழுதி வைத்த இரண்டு மூன்று வருஷத்துக் குறிப்புப் புத்தகம் இருந்தால், விண்ணப்பத்துடன் அதையும் எடுத்துச் செல்லலாம்.